கூனிய முதுகும் மேடை யதார்த்தமும்

ஊவாவில் நடந்த ஒரு மாணவர் நாடகப் போட்டியில், எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் நடித்து முடித்ததும் நடுவர் ஒருவர் ஒலிபெருக்கியின் முன் வந்து நின்றார். "முயற்சி நன்று. ஆனால் ஒரு தோட்டத்துப் பெண் இவ்வளவு நிமிர்ந்து நின்று, இவ்வளவு தெளிவாகப் பேசுவாளா? யதார்த்தம் போதாது" என்றார். அவ்வளவுதான். சபை கைதட்டியது. அடுத்த நாடகத்துக்குத் திரை உயர்ந்தது.

அந்தப் பாத்திரத்தை ஏற்றவள் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுக்கும் தாயின் மகள். லயத்துக் காம்பராவில் பிறந்து, பிள்ளைக் காம்பராவில் வளர்ந்து, ஒவ்வொரு நாளும் மூன்று மைல் நடந்தும் பஸ்ஸிலும் வந்து உயர்தர வகுப்பில் தமிழ் படிப்பவள். திரைக்குப் பின்னால் வந்து என்னிடம் கேட்டாள்: "சேர், எங்க வீட்ல பேசுற மாதிரித்தானே பேசுனேன்? பொறகு எப்பிடி அது பொய்யாகும்?"

அவளுக்கு அன்று நான் சொன்ன பதில் மிகவும் பலவீனமானது. நடுவரின் கருத்தையும் மதிக்க வேண்டும் என்பதுபோல எதையோ சொல்லி மழுப்பினேன். அந்த மழுப்பலுக்குப் பிராயச்சித்தமாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். தோட்டத்துப் பெண்ணுக்கே தோட்டத்துப் பெண்ணாக நடிக்கத் தெரியவில்லை என்று கூறத் துணியும் ஒரு யதார்த்தக் கோட்பாடு எங்கிருந்து வந்தது? அதன் வேர் எந்த மண்ணில் இருக்கிறது? அது யாருக்குப் பயன்படுகிறது? இவற்றை நாம் நேர்நின்று கேட்டாக வேண்டும்.

முதலில் ஒரு பழைய நினைவு. நான் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டில் இருந்தபோது ஒரு நகைச்சுவை நாடகத்தில் எனக்கு வேலைக்காரன் வேடம் தரப்பட்டது. கொழும்பு வீடொன்றில் வேலை செய்யும் தோட்டத்துப் பையன். "உனக்கு இது இயல்பாகவே வரும்" என்று நெறியாளர் உற்சாகப்படுத்தினார். ஒத்திகையில் நான் என் இயல்பின்படி பேசினேன், எவரும் சிரிக்கவில்லை. "கொஞ்சம் குனி" என்றார். குனிந்தேன். "இன்னும் கொஞ்சம்." இன்னும் குனிந்தேன். "இப்போது அந்த வசனத்தைச் சொல்." சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். மேடையில் எனது அடையாளம் எத்தனை பாகை கோணத்தில் இருக்கிறது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். பிற்காலத்தில் என் மாணவியிடம் அந்த நடுவர் கேட்டதும் அதே கோணத்தைத்தான்.

இந்தக் கோணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, புதிதாக வந்திறங்கும் சின்னத்துரைமார் தொழிலாளரை ஏவுவதற்காகத் தமிழ் கற்பிக்கும் சிறு நூல்கள் ஆங்கிலத்தில் அச்சாயின. அவற்றுள் ஒன்றின் தலைப்பே 'இங்கே வா'. 1915இல் வெளிவந்த மற்றொன்றின் பெயர் 'கூலித் தமிழ்'. பதுளை மண்ணைச் சேர்ந்த ஆய்வாளர் மு. நித்தியானந்தன் 2014இல் வெளியிட்ட தமது நூலுக்கு இதே பெயரைச் சூட்டி, இந்தக் கைந்நூல்களின் உள்நோக்கத்தை விரிவாக எடுத்துக்காட்டினார். ஒரு மொழி முழுவதையும் ஏவலாகவும் ஏவலுக்கான மறுமொழியாகவும் சுருக்கிவிடலாம் என்ற நம்பிக்கையே இந்நூல்களின் அடித்தளம். அந்தத் தமிழிலே தொழிலாளிக்குக் கேள்வி கிடையாது, கிண்டல் கிடையாது, வாதம் கிடையாது. தாலாட்டும் ஒப்பாரியும்கூடக் கிடையாது. அவை துரைக்குத் தேவையில்லை அல்லவா?

அதற்கும் முன்னே, 1869இல், ஆபிரகாம் ஜோசப் என்பவர் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்றொரு நூலை வெளியிட்டார். மலையகத்தைப் பாடிய மிகப் பழைய அச்சுநூல்களில் ஒன்று அது. கும்மி யாருடைய வடிவம்? உழைக்கும் பெண்களின் வடிவம். அந்த வடிவம் தோட்ட முதலாளியின் புகழைப் பாடப் பயன்பட்டது. மக்களின் வடிவத்தை எடுத்து மக்களுக்கு எதிராகப் பேசவைக்கும் வித்தை நேற்றுத் தோன்றியதன்று என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறேன்.

நம் மேடைகளில் "ஆமாங்க தொர", "சரிங்க தொர" என்று கைகட்டி நிற்கும் தோட்டத் தொழிலாளி மலையகத்திலிருந்து வந்தவனல்லன். அவன் அந்தக் கைந்நூல்களின் பக்கங்களிலிருந்து இறங்கி வந்தவன். நாடகாசிரியர் அந்நூல்களைப் பார்த்திராமலே இருக்கலாம். ஒரு வர்க்கத்தின் பார்வை இன்னொரு வர்க்கத்துக்குப் பரம்பரைச் சொத்தாகக் கைமாறுவதற்கு நூல் அவசியமில்லை.

"பேச்சு வழக்கை மேடைக்குக் கொண்டுவந்தது முற்போக்கான காரியந்தானே?" என்று நண்பர்கள் கேட்பார்கள். மறுக்கவில்லை. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் நாடகங்களை எழுதி, 1940இல் 'நானாடகம்' என்ற தொகுப்பாகத் தந்தார். உடையாரின் மிடுக்கும் நகரம் சென்ற நாட்டவனின் தடுமாற்றமும் அந்த மண்ணின் மொழியிலேயே பேசப்பட்டன. பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் செந்தமிழை விட்டிறங்கி வீட்டுத் தமிழை மேடையேற்றியது அக்காலத்தில் சிறிய செயலன்று. பின்னர் அறுபதுகளின் தொடக்கத்தில், சிறுகதையிலும் நாவலிலும் உழைக்கும் மக்களின் பேச்சு இடம்பெற்றபோது, அதனை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் சிலர் தூற்றினர். மரபுப் போராட்டம் என்று அறியப்பட்ட அந்த வாதத்தில் முற்போக்கு எழுத்தாளர்களே வென்றனர். நாங்கள் வகுப்பறைகளில் இன்றும் பெருமையோடு கற்பிக்கும் வெற்றி அது.

ஆனால் அந்த வெற்றி மலையேறி வந்ததா என்பதே என் கேள்வி. யாழ்ப்பாணத்தின் பேச்சு மேடையில் குடும்பத் தலைவரின் பேச்சாயிற்று, காதலரின் பேச்சாயிற்று, வழக்காடுபவரின் பேச்சாயிற்று. மட்டக்களப்பின் கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நவீன மேடைக்கேற்பச் செப்பனிட்டார்; 1962இல் 'கர்ணன் போர்' பல்கலைக்கழக மேடையில் ஏறியது; பின்னர் 'இராவணேசன்' வந்தது. சிங்கள நாடகத்தில் 1956இல் சரச்சந்திரவின் 'மனமே' உண்டாக்கிய உணர்ச்சிக்கு ஈடான உணர்ச்சியைத் தமிழர் அங்கே கண்டனர். ஆனால் தோட்டத்துப் பேச்சுக்குக் கிடைத்த இடம் எது? சமையலறை வாயில். கொழும்பு வீட்டின், யாழ்ப்பாண வீட்டின் சமையலறை வாயிலில் நின்று, சரியான நேரத்தில் தவறான ஒன்றைச் சொல்லிச் சிரிப்பூட்டுகின்ற இடம். வழக்கு மேடையேறிவிட்டது, வழக்கின் சொந்தக்காரன் மேடையேறவில்லை.

ஒடுக்கப்பட்டோர் மேடையில் தம்மைத் தாமே பேச முடியாதா? முடியும் என்பதற்கு நமது நாட்டிலேயே சான்று உண்டு. மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் கிளர்ந்தெழுந்த காலத்தை அடுத்து, என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' காத்தவராயன் கூத்துப் பாணியில் அம்பலத்தாடிகளால் மேடையேற்றப்பட்டது. ஆண்டு 1969. கோயில் வாசலில் மறிக்கப்பட்டவர்கள் அங்கே மேடையில் நின்றார்கள்; பரிதாபத்துக்குரியவர்களாக அல்ல, உரிமை கேட்பவர்களாக. கூத்தின் மெட்டு அவர்களுக்கு அலங்காரமாக நிற்கவில்லை. ஊரிலே எல்லோருக்கும் செவிப்பழக்கமான மெட்டில் எவரும் கேட்டிராத நியாயம் பேசப்பட்டது. பார்த்தவர்களிற் பலர் போராட்டத்திலும் நின்றவர்கள். இங்கே "இது யதார்த்தமா?" என்று எந்த நடுவரும் கேட்க முடியாது. கேட்டால் மறுமொழி மேடையிலிருந்து வராது, சபையிலிருந்து வரும்.

அந்த நாடகத்தோடு எங்கள் மலையக மேடையின் 'சோக நாடகத்தை' ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் உறுப்புகளை நான் மனப்பாடமாகச் சொல்வேன். திரை விலகும்போது மூடுபனி. பின்னணியில் ஒரு சோகக் குழல். இடுப்பிலே படங்குச் சாக்குக் கட்டிய பெண்கள் வரிசையாக வருவார்கள்; சாக்கு அன்று காலைதான் கடையில் வாங்கியது, மடிப்புக்கூடக் கலைந்திராது. அட்டை கடிக்கும். கங்காணி ஏசுவான். ஒரு கிழவி இருமுவாள். குடிகாரத் தகப்பன் தவறணையிலிருந்து தள்ளாடி வருவான். பள்ளிக்குப் போக ஆசைப்பட்ட பிள்ளை கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்படும். இறுதியில் மழை, இடி, ஒரு மரணம். விளக்கணையும்போது ஒரு தாயின் ஓலம். பாத்திரங்களுக்கு ராமாயி, கறுப்பாயி, முனியாண்டி என்று பெயர். என் வகுப்பிலே முப்பத்தாறு பிள்ளைகள் தோட்டங்களிலிருந்து வருகின்றனர்; ஒரு முனியாண்டிகூட இல்லை. திலக்ஷனாவும் கிஷாந்தனும் இருக்கிறார்கள். மூங்கிற் கூடையின் இடத்திற் பல தோட்டங்களில் பை வந்துவிட்டது. மேடையின் கடிகாரம் மட்டும் கூடையோடு நின்றுவிட்டது.

இவற்றில் எதுவும் பொய்யில்லை. இருமலும் உண்டு, குடியும் உண்டு, வீட்டு வேலைக்குப் போன பிள்ளைகளும் உண்டு. உண்மைகளைச் சேர்த்தே ஒரு பொய்யைக் கட்டலாம் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. நான் இதனை வெளியில் நின்று சொல்லவில்லை. ஆசிரியப் பணியின் முதலாண்டில் நானே அத்தகைய ஒரு நாடகத்தை எழுதினேன். இடி இருந்தது, ஓலம் இருந்தது, பரிசும் கிடைத்தது. அந்தக் கையெழுத்துப் பிரதியை இன்று புரட்டிப் பார்த்தால், நாற்பது நிமிட நாடகத்தில் ஒரு தொழிலாளியும் எதையும் தீர்மானிக்கவில்லை என்பது தெரிகிறது. எல்லாம் அவர்களுக்கு நேர்கின்றன. மழை பெய்வதுபோல் துன்பம் பெய்கிறது.

துன்பத்தை மழையாக்குவதனால் யாருக்கு லாபம்? மழைக்கு யாரும் பொறுப்பில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதன் பின்னர் அதனைப் பொருளாகக் கொண்ட பாடசாலை நாடகங்கள் சிலவற்றை நான் பார்த்தேன். எல்லாவற்றிலும் இடிமுழக்கம் உண்டு, மண்ணைக் கையால் தோண்டும் தாய் உண்டு. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது என்பது நாடறிந்த செய்தி. அந்த எச்சரிக்கைக் கடிதம் எந்த மேசையில் கிடந்தது என்று கேட்கும் ஒரு பாத்திரத்தை நான் காணவில்லை. "வேறு காணி தராமல் எங்கே போகச் சொல்கிறீர்கள்?" என்று கேட்கும் ஒரு பாத்திரத்தையும் காணவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் முன்வரிசையில் அமர்ந்திருந்த விருந்தினருக்குச் சற்றுச் சங்கடமாக இருந்திருக்கும். ஓலத்துக்கு அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்வது எளிது. அதற்குக் கைக்குட்டை போதும், காணி வேண்டியதில்லை.

இதுவரை சொன்னதை இடதுசாரி நண்பர்கள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள் என்பதை அறிவேன். ஆகவே நம் வீட்டுக் குப்பையையும் சற்றுக் கிளறுவோம். நமது 'போராட்ட நாடகம்' எப்படி அமைகிறது? மேற்சொன்ன சோக நாடகம் முழுவதும் அப்படியே நடக்கும். இறுதிக் காட்சியில் மட்டும் நகரத்திலிருந்து படித்த இளைஞன் ஒருவன் வருவான். அவன் தூய தமிழில் பேசுவான். சுரண்டல் என்றால் என்ன என்று தொழிலாளருக்கு விளக்குவான். அவர்கள் வாய்பிளந்து கேட்டு, ஒரே குரலில் முழங்கி, ஒரே நேரத்தில் முட்டியை உயர்த்துவார்கள். செம்மை ஒளி பாயும். திரை விழும். இருநூறு ஆண்டுகளாகச் சுரண்டப்பட்டவனுக்குச் சுரண்டலின் பொருளை இருபத்திரண்டு வயதுப் பட்டதாரி சொல்லித்தர வேண்டியிருக்கிறது! அரைப்பேர் போட்டால் வீட்டில் எத்தனை வயிறு அரைவயிறாகும் என்ற கணக்கை அவனைவிட அவள் நன்கறிவாள். "வாங்க தொர" என்றவன் "வாங்க தோழர்" என்கிறான். முதுகின் கோணம் மாறவில்லை.

எங்கள் மாணவர் எடுத்துக்கொண்ட கதை வேறு. 1940ஆம் ஆண்டு, முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் மாண்ட ஆண்டு. சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கம் ஊவாவின் தோட்டங்களிற் பரவியது; வேலைநிறுத்தங்கள் அலையலையாக எழுந்தன. பதுளைப் பகுதியின் வெவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையோடு கலந்தாலோசித்தே நிருவாகம் செய்வதாகத் துரை இணங்க வேண்டியதாயிற்று. 'ஒழுங்கை' நிலைநாட்ட வந்த ஆயுதம் தாங்கிய பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர். அதன் பின் அடக்குமுறை வந்தது, பெருவெள்ளமும் வந்து ஊவாவை வெளியுலகிலிருந்து துண்டித்தது, அலை தணிந்தது. தோல்விதான். ஆயினும் இலங்கைத் தோட்டம் ஒன்றிலே, 'கூலி' என்று அழைக்கப்பட்டவர்கள் வாக்களித்துச் சபை அமைத்து நிருவாகத்தை மேசைக்கு வரவழைத்தார்கள்.

இதனைத்தான் பிள்ளைகள் நாடகமாக்கினர். சபைக்குப் பெண்ணொருத்தியும் தெரிவாவதாகக் கற்பனை செய்தனர்; அது அவர்களது சேர்க்கை, நாடகத்துக்குரிய உரிமை. துரையிடம் எந்தக் கோரிக்கையை முதலில் வைப்பது என்று அவள் வாதாடும் காட்சியே நடுவருக்கு யதார்த்தமாகப் படவில்லை. நடந்த வரலாறு நம்பத்தகாததாகவும் நடவாத பணிவு நம்பத்தகுந்ததாகவும் தோன்றும் நிலைக்கு நம் மேடை நம்மைப் பழக்கியிருக்கிறது. ஒரு நடுவரின் குற்றம் என்று இதை ஒதுக்கிவிட முடியுமா?

அடையாளத்தை நிரூபிக்குமாறு எங்களிடம் கேட்பது புதிதன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எம்மை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் சட்டம், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வதிந்ததைக் காட்டுமாறு கேட்டது. 1964இல் இரு பிரதமர்கள் கையெழுத்திட்டு, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை அங்கும் மூன்று இலட்சம் பேரை இங்குமாகப் பங்கிட்டனர். மீதி ஒன்றரை இலட்சம் பேரை மற்றொரு நாளைக்கு ஒத்திவைத்தனர். எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. என் பாட்டனார் ஒரு தகரப் பெட்டி நிறையக் கடதாசிகளைச் சேர்த்து வைத்திருந்தார்; எதைக் கேட்பார்களோ என்ற அச்சத்தால் கடைத் துண்டுகளைக்கூட எறியவில்லை. அரசு கடதாசி கேட்டது. மேடை கூனிய முதுகைக் கேட்கிறது. இரண்டும் "நீ உண்மையிலேயே நீதானா?" என்ற ஒரே கேள்விதான்.

இனி, "மக்களின் சொந்தக் கலைவடிவத்துக்குத் திரும்புவதே வழி" என்போர் உளர். அவர்கள் சுட்டுவது காமன் கூத்தை. மாசி மாதத்து வளர்பிறையில் கம்பம் ஊன்றி, காப்புக்கட்டி, இரவுதோறும் தப்பு முழங்க, ரதியும் மன்மதனும் லயத்து வாசல்தோறும் ஆடிவரும் அந்தக் கூத்தைப் பார்த்தே நான் வளர்ந்தேன். சிவனின் தவத்தைக் குலைக்கப் போகாதே என்று ரதி மன்மதனை மறிக்கும் கட்டத்தில் என் தாயார் ஒவ்வோர் ஆண்டும் முதல் தடவை பார்ப்பவர்போல் அழுவார். தகனத்தன்று தோட்டமே விழித்திருக்கும். அங்கே பார்வையாளன் என்று தனியாக எவனும் இல்லை. எண்ணெய் ஊற்றுபவனும், நேர்ந்துகொண்டவளும், வரி கொடுத்தவனும் யாவரும் கூத்தின் பங்காளிகள். தமிழகத்திலே மன்மதன் எரிந்தானா எரியவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து இரவு முழுதும் லாவணி பாடுவார்கள். கல்வியறிவற்றவர் என்று ஏளனம் செய்யப்பட்ட மக்கள் விடியும்வரை தர்க்கம் புரிகிறார்கள்!

அதே கூத்தைப் பதினைந்து நிமிடமாக நறுக்கி, பளபளக்கும் உடை தைத்து, விழா மேடையில் 'மலையகப் பாரம்பரியம்' என்ற அறிவிப்போடு நிறுத்தினால் என்ன மிஞ்சும்? தப்பொலி மிஞ்சும்; தர்க்கம் போய்விடும். மலையகத் தமிழர் வருகையின் இருநூறாண்டு நினைவு 2023இல் நாடெங்கும் கொண்டாடப்பட்டபோது எத்தனை மேடைகளில் தப்பு முழங்கியது! மகிழ்ந்தேன். ஆயினும் அந்தத் தப்பை லயத்தில் அடிப்பவர் எந்தச் சாதியார், அவருக்குத் திருவிழாவில் எந்த இடம், சாவு வீட்டில் எந்த இடம் என்பதை எந்த மேடையும் சொல்லவில்லை. கூத்தில் யார் ரதியாக ஆடலாம், யார் ஆடக்கூடாது என்பதிலும் ஊர் வழக்கம் என்ற பெயரில் சாதி புகுந்து நிற்பதை நான் அறிவேன். தோட்டத்து மக்கள் ஒரே அச்சில் வார்த்தவர்களல்லர். கங்காணியின் பேரனும் தப்படிப்பவரின் பேரனும் இன்று ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். ஒரே நாடகத்தில் நடிக்கிறார்கள். யார் எந்த வேடத்தை ஏற்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். மண்வாசனை என்ற சொல்லை நாம் மிகவும் நேசிக்கிறோம். மண்ணில் வாசனை மட்டுமா இருக்கிறது?

அப்படியானால், தோட்டத்தில் பிறந்தவரே தோட்டத்தைப் பற்றி எழுதவும் நடிக்கவும் வேண்டும் என்கிறேனா? இல்லை. இந்தக் குறுக்குவழியை நான் நம்பவில்லை. வங்கத்திலே 1860இல் தீனபந்து மித்திரர் 'நீல தர்ப்பணம்' எழுதினார். அவர் அவுரி பயிரிட்ட குடியானவரல்லர்; தபால் இலாகா உத்தியோகத்தர். அந்த நாடகத்தில் படித்த குடும்பத்தார் பேசும் பேச்சு விறைத்துப்போய் ஏட்டு மொழியாக நிற்பதையும், தோராப் போன்ற குடியானவர் பேசும் பேச்சு உயிரோடு துடிப்பதையும் விமரிசகர் பலர் சுட்டியிருக்கின்றனர். தோராப் அழவில்லை, தோட்டத் துரையை எதிர்த்து நிற்கிறான். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக 1861இல் பாதிரியார் ஜேம்ஸ் லோங் சிறை சென்றார். துரைமார் ஒரு நாடகத்துக்கு அஞ்சி வழக்குத் தொடுத்தார்கள் என்றால், அது கண்ணீர் நாடகமாக இருந்திருக்க முடியாது. 1944இல் இந்திய மக்கள் நாடக மன்றம் மேடையேற்றிய 'நவான்ன'த்தில் பஞ்சத்தில் இடம்பெயர்ந்த உழவராக நடித்தவர்களிலும் பெரும்பாலோர் கல்கத்தாவின் மத்திய வர்க்கத்தினர். கந்தலை உடுத்தியதனால் அவர்கள் உழவர் ஆகவில்லை. பஞ்சம் எப்படி உண்டாக்கப்பட்டது என்பதை அறிந்திருந்ததனால், தெருவில் கஞ்சி கேட்ட குரலைத் தம் காதால் கேட்டிருந்ததனால், அந்த நடிப்பில் உண்மை இருந்தது.

நமது மலையகத்துக்கும் இந்த மரபு அந்நியமன்று. கோ. நடேசய்யர் தஞ்சாவூர்ப் பார்ப்பனர், தோட்டத்திற் பிறந்தவரல்லர். வெளியார் நுழையத் தடையிருந்த தோட்டங்களுக்குள் புடைவை வியாபாரியாக வேடமிட்டுப் புகுந்தவர். (நமது நாடக வரலாறு எழுதுவோர் இந்த வேடத்தை ஏன் முதல் அத்தியாயத்தில் சேர்ப்பதில்லை என்று நான் வியப்பதுண்டு.) நாடகமும் எழுதினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையார் கூட்டங்களிலே பாடினார். தொழிலாளருக்குத் தெரிந்த சினிமா மெட்டுகளிற் பாடினார். 'தூய' நாட்டார் மெட்டு வேண்டுமென்று அவர் காத்திருக்கவில்லை. கேட்பவர்க்கு என்ன தெரியும், என்ன தேவை என்பதே அவர் பார்த்தது.

ஆகவே, அந்த நடுவருக்கும் அவர்போன்று தீர்ப்பளிப்போருக்கும் நான் சொல்ல விரும்புவது இது. மேடையில் தோட்டத் தொழிலாளி நிற்கும்போது படங்குச் சாக்கைப் பார்க்காதீர்கள். "வந்தேன்" என்கிறாரா "வந்தேங்க" என்கிறாரா என்று காதைத் தீட்டாதீர்கள். அவர் அந்த நாடகத்தில் எதையாவது யோசிக்கிறாரா? எதையாவது தெரிவு செய்கிறாரா? தவறாகவேனும் ஒரு முடிவெடுக்கிறாரா? தம் அயலவரோடு கருத்து வேறுபடுகிறாரா? எவரையேனும் கிண்டல் செய்கிறாரா? கிண்டலில்லாத ஒரு கொழுந்து மலையை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. மட்டக்கம்பு போட்டபடியே கணக்கப்பிள்ளையின் நடையைப் பாட்டாக்கி விடுவார்கள். பாட்டு லயம் வந்து சேருமுன் மூன்று மலை கடந்திருக்கும். அந்தச் சிரிப்பு இல்லாத நாடகத்துக்கு எந்த முகத்தோடு யதார்த்தம் என்று புள்ளி வழங்குகிறீர்கள்?

இதனைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களாகிய நாம் நமக்கே சொல்லிக்கொள்ளவும் வேண்டும். போட்டியில் எது வெல்லும் என்று நமக்குத் தெரியும். பிள்ளைகளின் எதிர்காலம், பாடசாலையின் பெயர் என்று காரணங் காட்டி, அவர்களுடைய தாயையும் தகப்பனையும் ஆண்டுதோறும் மேடையில் கூனவைத்துப் பரிசு பெற்றுத் தருகிறோம். பரிசுக் கேடயத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் பிள்ளை, நாடகத்தில் தான் எப்படி நடித்தேன் என்பதைத் தாய்க்கு நடித்துக் காட்டுமா? என் முதல் நாடகத்தில் நடித்த பிள்ளைகளில் எவரும் காட்டவில்லை என்பதைப் பின்னர் கேட்டறிந்தேன். அந்தப் பரிசை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இதுவே முதலில் நினைவுக்கு வருகிறது.

வெவெஸ்ஸ நாடகத்தை மீண்டும் எடுத்திருக்கிறோம். போட்டிக்காக அல்ல; தோட்டங்களில் கோயில் முன்றலிலும் பெரட்டுக் களத்திலும் நடிப்பதற்காக. சனிக்கிழமை பின்னேரங்களில், கொழுந்து நிறுத்து முடிந்த பின் ஒத்திகை. சென்ற வாரம் அந்த மாணவியின் தாயார் தலையில் துவாயைக் கட்டியபடியே வந்து, ஓரமாக நின்று பார்த்தார். சபை கூடி வாதாடும் காட்சி முடிந்ததும், "நல்லாருக்கு சேர்" என்றவர் சற்றுத் தயங்கிச் சொன்னார்: "ஆனா கூட்டத்துல ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் மத்தவங்க இப்பிடி வாயப் பொத்திக்கிட்டு நிக்க மாட்டாங்களே. எல்லாரும் ஒண்ணாத்தானே சத்தம் போடுவோம்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காட்சியை அப்படியே மாற்றிவிட்டோம். இப்போது ஏழுபேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். யார் எந்தக் கோரிக்கையைச் சொல்கிறார் என்பது மூன்றாம் வரிசைக்கு அப்பால் கேட்பதில்லை. அதை என்ன செய்வது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.